குருசடி முக்கில் குரோஷியாக்காரர்கள்

ஓமனா ஒரு கையால் தலையிலிருந்த மீன் சருவத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சிலுவை போட்டாள்.

"ஏட்டி செசிலி, இது எந்த வள்ளத்துல போனவங்கட்டி? ஒருத்தரும் ஒண்ணும் சொல்லேல்லியே!"

செசிலியும் நிமிர்ந்து பார்த்தாள். தெருச் சிலுவை நிற்கிற குருசடி முக்கில், இரும்புக் குழாய்ச் சட்டத்தில், புத்தம் புதிய பிளக்ஸ் ஒன்று விறைப்பாக நின்றது. மேலே சிவப்பும் வெள்ளையும் கட்டம்போட்ட சட்டையில் பந்துக்காரர்கள். அவர்களுக்குக் கீழே, முட்டை வடிவ வட்டங்களுக்குள், வரிசை வரிசையாகச் சின்ன முகங்கள். ஓகிப் புயலுக்குப் பிறகு இந்தக் கடற்கரையில் வட்டத்துக்குள் முகம் வைத்தால், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் என்ற ஒரே அர்த்தம்தான். அது தெரியாத மடையன் எவனோ மார்த்தாண்டத்துக்குப் போய்க் காசு கொடுத்து அடித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"கண்ணத் தொறந்து பாருட்டி. வெள்ளக்காரனுவளாக்கும்" என்றாள் செசிலி. "நாளைக்கு உலகக் கோப்ப பைனல்ல குரோஷியாக்காரனுவ பந்து களிக்கானுவ இல்லியா, அதுக்கு வச்சிருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இந்தப் பிளக்ஸ் ஏற வேண்டுமென்றால் இங்கே இருந்த பிளக்ஸ் இறங்கியிருக்க வேண்டுமே!

இங்கே இருந்தது அவள் புருஷன் சஜினும், அவனோடு ஒரே விசைப்படகில் போன கூட்டாளிகளும். போன நவம்பர் கடைசியில் காற்று கொண்டுபோனவர்கள். ஒருத்தர் உடலும் கரைக்கு வரவில்லை. ஏதோ ஒரு பிணவறை வாசலில் அடையாளம் பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டு வந்ததுதான் மிச்சம். கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி கொளுத்த மற்ற விதவைகளுக்கு ஒரு குழியாவது உண்டு. அவளுக்கு இந்த முக்குதான். தினமும் மீன் ஏலத்துக்குப் போகிற வழியில் சும்மாட்டுத் துணியை நனைத்து, அவன் முகத்தில் படிந்த உப்பையும் புழுதியையும் அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் போவாள். மற்றவர்களைத் துடைக்க அவரவர் வீட்டில் ஆள் இருக்கிறது என்று விட்டுவிடுவாள். இரண்டு நாளாகக் காய்ச்சல், படுத்துவிட்டாள். அதற்குள் இப்படி.

யார் வேலை என்று விசாரிக்க வேண்டியதே இல்லை. ஊரில் பாதி பிரேசில், பாதி அர்ஜென்டினா. குரோஷியாவுக்குக் கொடி பிடிக்க ஒரே ஒரு பிறவிதான் உண்டு, சஜினின் தம்பி ரெனிஷ். கப்பல் வேலைக்காரன். அங்கே இவனுக்கு மேலே இருக்கிற அதிகாரி ஒரு குரோஷியாக்காரனாம்; அவன் சொன்ன நாட்டு மகிமையெல்லாம் இவனுக்குத் தலைக்கேறிவிட்டது. அண்ணன் போனபோது லீவு கிடைக்கவில்லை என்றான். நாற்பத்தோராம் நாள் பூசைக்கும் கிடைக்கவில்லை என்றான். உலகக் கோப்பைக்கு மட்டும் சுளையாக இரண்டு மாதம் கிடைத்தது. செசிலி அதை மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் அவளுக்கு இல்லை.

ஏலத்தை விட்டுவிட்டு, ஓமனா கூப்பிடக் கூப்பிட, தலையில் தன் சருவத்தோடு கடற்கரைப் பந்தலுக்கு நடந்தாள். பெரிய திரை கட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. ரெனிஷ் பையன்களைச் சுற்றி நிறுத்திப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"கடலோரக் குட்டி நாடு மக்கா. நம்ம ஜில்லாவப் போல ரெண்டு ஜில்லா ஜனம்தான். ஆனா பாரு, கரண்டுக்கு வழி சொன்ன டெஸ்லா பொறந்தது அங்க. டென்னிஸ்ல கப்பு அடிச்சவன் உண்டு. பனியில சறுக்கி ஒலிம்பிக்ஸ் ஜெயிச்ச பொண்ணு உண்டு. கைரேகைய வச்சு ஆளக் கண்டுபிடிக்க வழி செஞ்ச வுசெட்டிச்சும் அங்க ஒரு தீவுக்காரனாக்கும். எல்லாரும் பிளக்ஸ்ல இருக்கு."

"அந்தாளு வேல பாத்தது அர்ஜென்டினா போலீஸ்ல" என்றான் அர்ஜென்டினாக் கட்சிக்காரன் குமாரதாஸ். "அவரு எங்க ஆளு."

"எங்ககிட்ட மூணு கோலு வாங்கினவனுவ பேசப்பிடாது."

"எங்கலே எனக்க மாப்பிள?" என்றாள் செசிலி.

ரெனிஷின் கண் ஒரு நொடி கீழே போய் வந்தது. அவளும் பார்த்தாள். ஈர மணலில் பிளக்ஸ் கவிழ்த்து விரித்திருந்தது. பையன்களின் கால்கள் அதன்மேல் இருந்தன.

"மணலு நனஞ்சு கெடக்கு மைனி. பயக்க இருக்கதுக்கு விரிச்சேன். மூஞ்சி கீழதான் இருக்கு."

"உனக்க அண்ணனுக்க முதுகுல இருந்து களி பாப்பியா நீ?"

சருவத்தை இறக்கி வைத்துவிட்டுப் பிளக்ஸின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். பையன்கள் துள்ளி விலகினார்கள். அது மணலை வாரிக்கொண்டு புரண்டது.

ரெனிஷுக்கும் ரோஷம் வந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் முன்னால் தோற்க அவனுக்கு மனசில்லை. "நல்லா பாருங்க. வெயிலடிச்சு எல்லாம் போச்சு. இதுல எனக்க அண்ணன் யாருன்னு நீங்களே தொட்டுக் காட்டுங்க பாப்பம்."

அவள் குனிந்தாள். சிவப்பில் எழுதிய பெயர்கள் அடியோடு போயிருந்தன. ஆனால் முகங்கள் அப்படிப் போகவில்லை. வெளிறிய நீலத்தில் ஒருவனுக்குக் கண் இருந்தது, ஒருவனுக்கு மீசை இருந்தது, ஒருவனுக்குச் சிரிப்புகூட இருந்தது. கீழ் வரிசையின் ஓரத்தில், அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்த வட்டம் மட்டும் வெள்ளை வெளேரென்று கிடந்தது. தலைமுடியின் கோடுகூட இல்லை. வெயில் எல்லார்மேலும்தான் அடித்தது. தினமும் துடைத்தவள் அவள் ஒருத்திதான்.

கடல் அவனைக் கொண்டுபோனது. மிச்சமிருந்ததை அவளே தேய்த்து எடுத்திருக்கிறாள். இவன் முன்னால் அழுவதைவிடச் செத்துப்போகலாம் என்று இருந்தது அவளுக்கு.

"என்ன மைனி, தெரியேல்லியா?"

செசிலி சருவத்தின் அடியில் தேங்கியிருந்த மீன் தண்ணீரில் பெருவிரலை முக்கி, அந்த வெள்ளை வட்டத்தின் நடுவில் பலமாக ஊன்றினாள்.

"இதுதான். நம்பிக்க இல்லேன்னா அங்கன தொங்கவிட்டிருக்கியே, உனக்க கைரேகைக்காரன், அவனக் கூப்பிடு. இவன் யாருக்க மாப்பிளன்னு ரேக பாத்து அவன் சொல்லட்டு."

"எடுத்துட்டுப் போங்க" என்று ரெனிஷ் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான். "சனியன், பயக்க மணல்ல இருக்கட்டும்."

அவள் போகவில்லை. பிளக்ஸின்மேல், அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கடல்காற்று எழுந்து வீசியது. வெள்ளையின் நடுவில் ஈரமாக இருந்த விரல் அடையாளத்தின்மேல் மணல் வந்து விழுந்து ஒட்டியது. துடைக்கத் துணியோடு அவள் கை நீண்டது, பாதியில் நின்றது.