பட்டியலம்மா மிச்சம் பிடித்த நேரம்

அந்த மருத்துவமனையில் யார் பகலில் தூங்க வேண்டும், யார் இரவில் விழித்திருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒருத்தி கையில் இருந்தது. சம்பளம் மட்டும் குமாஸ்தா சம்பளம். நர்சுகளிலிருந்து லிஃப்ட்காரர் வரை எல்லோரும் அவளைப் பட்டியலம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். மாதக் கடைசியில் அடுத்த மாத டியூட்டிப் பட்டியலைப் போட, பென்சிலும் ரப்பருமாகக் குனிந்து உட்காருவாள். ஒருத்தியை இரவு ஷிப்டிலிருந்து எடுத்தால் இன்னொருத்தியின் ஓய்வு நாள் பறிபோகும். அதைச் சரிக்கட்டினால் மூன்றாவதாக ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து நிற்பாள். மாதக் கடைசி என்றுதான் பேர். அழித்து அழித்து எழுதியதில் அது மாதம் முழுக்க நீண்டது.

வீட்டுக்காரருக்குக் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் இரவுக் காவல். இவள் வந்து செருப்பைக் கழற்றும்போது அவர் கிளம்பிப் போயிருப்பார். அவர் திரும்பும்போது இவள் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பாள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் "பால் இல்லை" என்று ஒருவர் சீட்டு ஒட்டினால், "வாங்கியாச்சு" என்று மற்றவர் ஒட்டுவார். அவர்களுடைய தாம்பத்தியம் அந்த லட்சணத்தில் நடந்துகொண்டிருந்தது. பட்டியலம்மாவுக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு எழுந்து போக முடிந்தால், அவர் கிளம்புமுன் ஒரு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடலாம். அந்த ஒரு மணி நேரம் போதும் அவளுக்கு.

அதற்காகத்தான் எக்செல் கற்றுக்கொண்டாள். பேருந்தில் நின்றபடியே கைப்பேசியில் பாடம் பார்த்தாள். பேர்களையும் விதிகளையும் கொடுத்தால் ஷீட் தானே ஷிப்டைப் பிரித்துப் போட்டது. இரவு முழுக்க விழித்தவளுக்கு மறுநாள் காலையும் டியூட்டி விழுந்தால் கட்டம் மஞ்சளாகிக் காட்டிக்கொடுத்தது. மாத வேலை பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நம்பிக்கை வராமல் பழையபடி கையாலும் போட்டுப் பார்த்தாள். தப்பு கையில்தான் இருந்தது.

முதல் நாள் ஐந்தரைக்கு அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் வீட்டுக்காரர் பதறிவிட்டார்.

"ஏம்மா, உடம்புக்கு என்ன? இல்ல, வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"ஒண்ணுமில்ல. வேலை முடிஞ்சிடுச்சு."

"முடியற வேலையா அது?" என்றார் அவர்.

பக்கத்தில் உட்கார்ந்தார்களே தவிர, இரண்டு நாள் என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் ஜன்னல் திரைச்சீலை விஷயமாக நன்றாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். அன்றைக்குப் பட்டியலம்மாவுக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

விஷயம் தெரிந்த மருந்துக் கிடங்கு அக்கா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். "இங்க பாரு, முடிஞ்சுதுன்னு மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிடாத. முடிஞ்சிட்டே இருக்குன்னு சொல்லு. நான் ஸ்டாக் எடுத்து மூணு வாரமாச்சு. இன்னும் முடிஞ்சிட்டேதான் இருக்கு."

பாழாய்ப் போன பெருமை யாரை விட்டது? அடுத்த மாதப் பட்டியலை ஒரு வாரம் முன்னதாகவே கொண்டுபோய் நிர்வாக அதிகாரியின் மேஜையில் வைத்தாள். எதைக் கேட்டாலும் "உடனடியா" என்பதால் அவருக்கு உடனடி என்றே பேர் ஆகியிருந்தது.

"பத்து நிமிஷத்துலயா போட்டீங்க?"

"ஆமா சார்."

"அப்ப இத்தனை வருஷமா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. இனிமேல் யார் வேண்டுமானாலும் எந்த நாளும் ஷிப்ட் மாற்றிக்கொள்ளலாம். தினமும் மாலை புதுப் பட்டியல் வெளியாகும்.

அதுவரை ஆசையே இல்லாமல் வாழ்ந்த ஜனங்களுக்கு ஒரே நாளில் ஆசை முளைத்துவிட்டது. ஊரிலிருந்து மச்சினர் வருகிறார், லீவு வேண்டும் என்று ஒருத்தி வந்தாள். மச்சினர் வருகிறார், வீட்டில் இருக்க முடியாது, எப்படியாவது ஷிப்டில் போடு என்று இன்னொருத்தி வந்தாள். லிஃப்ட்காரர் செவ்வாயைப் புதனாக மாற்றி, புதனை வியாழனாக்கி, சாயங்காலம் செவ்வாயே தேவலை என்று வந்து நின்றார். வந்தவர்கள் எல்லோரும் "பத்து நிமிஷ வேலைதானேம்மா" என்றார்கள். ஒரு நாளில் எத்தனை பத்து நிமிஷத்தைத்தான் அடைக்க முடியும்? பட்டியலம்மா வீடு திரும்பும் நேரம் பழையபடி ஏழானது, பிறகு ஏழரை ஆனது.

உடனடிக்கோ மேலிடத்தில் ஏகப்பட்ட நல்ல பேர். நேரத்தைச் சேமிப்பது எப்படி என்று மற்றக் கிளைக்காரர்களைக் கூட்டிவைத்துப் பேசினார். காலையில் ஆரம்பித்த பேச்சு சாயங்காலம்தான் ஓய்ந்தது.

பொறுக்க மாட்டாமல் ஒரு நாள் அவர் அறைக்கே போனாள். "சார், நான் அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போகணும்."

"தாராளமா போங்கம்மா. யாரு உங்களைப் பிடிச்சு வச்சிருக்கா?" என்றவர் அலமாரியைத் திறந்து, பையோடு ஒரு மடிக்கணினியை எடுத்துக் கொடுத்தார். "வீட்லேருந்தே பாத்துக்கலாமே."

அந்த வாரம் முழுக்க ஐந்தரைக்கு வீட்டில்தான் இருந்தாள். வீட்டுக்காரர் சமைத்து வைத்திருப்பார். தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு மடிக்கணினியை விரிப்பாள். கைப்பேசி அடிக்கும், மாற்றுவாள். திரும்ப அடிக்கும், திரும்ப மாற்றுவாள். நடுநடுவே கை எதையோ வாய்க்குக் கொண்டுபோகும். அவர் எதிரே தன்பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போவார்.

வெள்ளிக்கிழமை அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஷிப்ட் வேணும்னா உன்கிட்டதானே கேட்கணும்?"

"ஆமா, யாருக்கு?" என்றாள், திரையிலிருந்து தலையை எடுக்காமல்.

"எனக்குத்தான். நான் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம். அதுல எங்கயாவது என் பேரையும் போட்டு வை."

சிரித்துக்கொண்டே கடைசியில் ஒரு வரிசை சேர்த்து, வீட்டுக்காரர் என்று அடித்தாள். வரிசை முழுக்கச் சிவந்துவிட்டது.

அவர் எட்டிப் பார்த்தார். "என் பேருக்கு மட்டும் ஏன் சிவக்குது?"

"எந்த ஷிப்ட்லயும் தனியா ஒரே ஒரு ஆள் இருக்கக் கூடாதுன்னு நான்தான் போட்டிருந்தேன். கூட ஒருத்தர் வேணும்."

"பரவால்ல, அதுக்காவது தெரியுது" என்றார் அவர்.

பட்டியலம்மாவுக்குச் சுருக்கென்றது. முதலில் வெட்கம் வந்தது. அதன் பின்னாலேயே உடனடி மேல், சுற்றறிக்கை மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் மேலேயே கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. அவர் பேருக்குப் பக்கத்தில் தன் பேரை அடித்து, மாதக் கடைசிவரை இழுத்துவிட்டாள். சிவப்பு போய்விட்டது. கீழே, "இந்த ஷிப்டில் மாற்றம் செய்யப்பட மாட்டாது" என்று எழுதி, மருத்துவமனை மொத்தத்துக்கும் அனுப்பினாள்.

உடனே கைப்பேசி அடித்தது. உடனடிதான். கணினியை மூடி, கைப்பேசியின் சத்தத்தை நிறுத்தி, இரண்டையும் பைக்குள் திணித்தாள். தட்டை முன்னால் இழுத்து ஒரு வாய் வைத்தாள்.

"என்னங்க இது, உப்பே இல்லையே?"

"திங்கக்கிழமையிலேருந்தே இல்ல" என்றார் அவர். "தீந்துடுச்சு. கதவுல சீட்டுகூட ஒட்டியிருந்தேன்."