ஹால் சுவரில் விளைந்த குறுவை

பாபநாசத்தில் கலைமகள் டீச்சர் வீட்டு ஹால் சுவரில் ஐந்து வருஷமாகக் குறுவை விளைகிறது. டி.வி.க்கு வலப்பக்கம், இடுப்பு உயரத்தில், பெயின்ட்டைப் பிளந்துகொண்டு ஆனியில் முளைவிடும், புரட்டாசியில் கதிர் சாயும். கொக்கு ஒன்று வாசல் வழியாக வந்து சுவரோரம் ஒற்றைக்காலில் நிற்கும். டீச்சர் அதைச் சுற்றிக்கொண்டு கூட்டுவார். கிராம நிர்வாக அலுவலர் நேரில் வந்து பார்த்தார். நெல் நல்ல நெல்தான், ஆனால் சுவருக்குப் பட்டா கிடையாது, அடங்கல் கணக்கில் ஏற்ற வழியில்லை என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார்.

அந்தச் சுவருக்குள் மாடி பாத்ரூமின் கழிவுநீர் பைப் இறங்குகிறது. அது கசிந்தது, ஆனால் ஊர் வாய்க்காலில் தண்ணீர் ஓடும் நாட்களில் மட்டும். கோடையில் வந்த பிளம்பர்கள் மாடியில் பத்து பக்கெட் ஊற்றிப் பார்த்தும் சுவர் காய்ந்தே கிடந்தது. வாய்க்கால் ஓடும் நாளிலோ ஊரில் ஒரு பிளம்பர் கிடைக்கமாட்டான், எல்லாரும் வயலில் இருப்பார்கள். பைப்பில் பழுது இல்லை என்றால் பழி பூச்சின் மேல்தானே விழும். கலவையில் வயல் மண்ணைக் கலந்துவிட்டார் என்று அதைப் பூசிய கொத்தனார் ஜெக்கரியா பாயின் பேர் கெட்டது. பிறகு உள்ளூரில் ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. முப்பது வருஷம் கரண்டி பிடித்த மனிதர் கும்பகோணத்துக்கு பஸ் ஏறிப் போய், யாரோ எழுப்பும் சுவருக்குக் கல் சுமந்தார்.

உண்மை தெரிந்தவன் தங்கையன் ஒருவன்தான். அந்த பைப்பைப் போட்டவன் அவன். பல வருஷம் ஏமாற்றிய தண்ணீர் ஆனியிலேயே வந்துவிட்ட வருஷம் அது. காலையில் முளைகட்டிய விதையைக் கிளறிவிட்டு வேலைக்கு வந்திருந்தான். பைப் வளைவில் கடைசி எல்போவைச் செருகி, அதை ஒட்டும் சொல்யூஷன் டப்பாவைத் திறக்கும்போது, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று தெருவில் சத்தம் கேட்டது. டப்பாவை அப்படியே மூடிவிட்டு நாற்றங்காலுக்கு ஓடினான். மறுநாள் காலையில் வந்து ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பு. பாயோ விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு நேரே வேலைக்கு வருகிறவர். தங்கையன் சேற்றுக்காலோடு வந்தபோது சுவர் பூசி முடிந்து, பளபளவென்று நின்றது. வாய் வரை வந்ததை அவன் விழுங்கிவிட்டான். பாவம், அன்றிலிருந்து அவனுக்கு ஜீரணம் சரியில்லை.

ஐந்தாம் வருஷம் டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வயலுக்கு நடந்து போய் வரப்பில் நின்று தங்கையனைக் கூட்டிவந்தார். அவன் உளியை வைத்துச் சுவரைப் பெயர்த்தான். உள்ளே நெல்வேர் எல்போவைச் சுற்றிச் சுற்றிப் பிடித்திருந்தது. அந்தப் பிடி இல்லாவிட்டால் இணைப்பு என்றோ கழன்று வீடே நாறியிருக்கும். அவன் சட்டை மடிப்பில் ஒட்டிவந்த ஒரே ஒரு முளைவிதையின் வேர் அது. டீச்சர் காபி போடப் போயிருந்தார். இரண்டே நிமிஷத்தில் ஒட்டி மூடியிருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. சொல்யூஷன் டப்பா கையில்தான் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டான்.

"டீச்சர், பாயை வரச்சொல்லுங்க. அவர் முன்னாடிதான் இதுல கை வைப்பேன்."

மறுநாள் பாய் வந்தார். தங்கையன் வேரை விலக்கி, இரண்டு விரலால் இழுத்தான். எல்போ கையோடு வந்தது. உள்வாயில் பசையின் தடமே இல்லை. "நான் ஒட்டவே இல்ல, பாய். உங்க பூச்சுல குத்தம் இல்ல" என்றான். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வயல் மண் என்று சொன்ன வாய் அவருடையதுதான்.

பாய் வெகுநேரம் அந்த எல்போவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தண்ணி வந்த அன்னிக்கு ஓடுனத நான் கேக்கல, தங்கையா. எவன்தான் நின்னான் அன்னிக்கு. அஞ்சு வருஷம் சும்மா இருந்தியே, அதைத்தான் கேக்குறேன்."

தங்கையன் அழுதான். அழுதுகொண்டே ஒட்டினான்; நன்றாகவே ஒட்டினான். அன்று மாலையே தெருத்தெருவாகப் போய், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று நடந்ததைச் சொன்னான். டீச்சரும் கூடப் போனார். சுவரைப் பாயே பூசினார், கலவையை எல்லாரும் பார்க்கும்படி வாசலில் போட்டுக் குழைத்து. ஆடி முடிவதற்குள் உள்ளூரிலேயே மூன்று வீட்டு வேலை அவரிடம் வந்தது. தங்கையனோடு மட்டும் அவர் பேசவில்லை.

அடுத்த ஆனியில் தண்ணீர் வந்தது. சுவரில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. டீச்சர் காதையும் கன்னத்தையும் வைத்துப் பார்த்தார். பத்தாம் நாள் அதே இடத்தில், காய்ந்த பூச்சிலிருந்து, பச்சையாக முளை வந்தது. யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. வந்தவர்கள் பூச்சைத் தட்டிப் பார்த்து, பாய் கை வேலை கல்லு மாதிரி நிற்கிறது என்றார்கள். புரட்டாசியில் கதிர் முற்றியபோது தங்கையன் அரிவாளோடு வாசலில் வந்து தயங்கி நின்றான். உள்ளே பாய் ஏற்கெனவே கதிரை ஒரு கையால் சேர்த்துப் பிடித்திருந்தார்.

"வா, அறு" என்றார்.

கொக்கு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.