எழுதிக் காட்டினால் போதும்

தொண்டையை வைத்துப் பிழைத்த மனிதருக்குத் தொண்டையிலேயே வினை வந்து உட்கார்ந்துகொண்டது. மொத்தப் பழச் சந்தையில் ஏலம் விடுகிறவர் அவர். சந்தையில் அவருக்குப் பட்டப்பெயர் 'மைக்'. மைக்கே வேண்டாத தொண்டை என்பதால் வந்த பெயர். அவர் "ஒரு தரம்" என்று ஆரம்பித்தால், கடைசி வரிசை லாரியில் தூங்கும் டிரைவர்கூடக் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். அப்படிப்பட்டவருக்குக் குரல் கம்மி, கரகரத்து, கடைசியில் பாதி காற்றாகிப் போனது. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

"உயிருக்கு ஒண்ணும் பயமில்ல. பேச்சுதான் போயிடும். பின்னால பயிற்சி, கருவின்னு என்னென்னவோ இருக்கு, அதெல்லாம் உடம்பு தேறட்டும், பார்க்கலாம். அதுவரைக்கும் என்ன, எழுதிக் காட்டினா போதும்."

டாக்டருக்கு என்ன, சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஏலக்காரரின் மனைவிதான் எழுந்திருக்க மறந்து அப்படியே இருந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். கூட ஒருத்தர் சேர்ந்து மறைத்தால் முடியும். பெண் எட்டாவது வரை படித்தவள் என்று சொல்லித்தான் அவளைக் கட்டிவைத்தார்கள். உண்மையில் அவள் பள்ளிக்கூட வாசலை மிதித்தது, தம்பிகளைக் கொண்டுபோய் விடவும் கூட்டிக்கொண்டு வரவும் மட்டும்தான். கல்யாணமான புதிதிலேயே கணவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவர் சண்டை போடவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். "போ, நான் யாருகிட்டயும் சொல்லல" என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதை மறுக்கக் கூடாது. செய்தித்தாள், கடிதம், மின்சார ரசீது, எது வந்தாலும் கூடத்தில் நின்று சத்தமாகப் படிப்பார். ஏலம் விட்டுப் பழகிய வாய், சும்மா இருக்காது என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். ஆனால் அதே சொல்லைச் சாட்டையாகவும் வைத்திருந்தார். அவள் எதற்காவது எதிர்த்துப் பேசினால், பிள்ளைகள் முன்னாலேயே, "சொல்லிடவா?" என்று கண்ணைச் சிமிட்டுவார். அத்தோடு அவள் வாய் அடைத்துவிடும். புருஷன் பெண்டாட்டி ஏதோ செல்லம் கொஞ்சுகிறார்கள் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். மகள் வயிற்றில் இருந்தபோது ஒருமுறை, "எனக்கும் கத்துக்குடுங்களேன்" என்று கேட்டுப் பார்த்தாள். "படிச்சு நீ என்ன ஜட்ஜாவா ஆகப்போற?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. பிள்ளைகள் படிக்கும்போது கையில் கரண்டியோடு நிற்பாள். "சத்தமா படி, அடுப்படி வரைக்கும் கேக்கணும்." தடுமாறினால் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு. எழுத்து தெரியாவிட்டால் என்ன, தடுமாற்றம் காதில் விழாதா? அந்தக் குட்டு வாங்கித்தான் மகள் இன்றைக்குக் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். போனில் அம்மாவுக்கு யாராவது எதையாவது எழுதி அனுப்பினால், "கண்ணாடியை எங்க வெச்சேன்னு தெரியல, பேசி அனுப்பு" என்பாள். இப்படியே காலம் ஓடிவிட்டது. இனிமேல் யார் கேட்கப்போகிறார்கள் என்று நிம்மதியாக இருந்த நேரத்தில்தான் டாக்டர் அப்படிச் சொன்னார்.

நோட்டும் பேனாவும் போதாதா என்றால், பிள்ளைகள் விடவில்லை. அப்பாவுக்கு டேப்லெட்தான் வாங்க வேண்டும், அதில் பேனாவால் எழுத வேண்டும் என்று மகள் சொன்னாள். மகன் ஊசி வாங்குவதாக இருந்தாலும் பத்துப் பேரிடம் விசாரிக்கிறவன். டேப்லெட் என்றதும் சாப்பாட்டு மேசையே ரெண்டுபட்டது.

"பென்னுக்குச் சார்ஜ் போடணும்னா வேணாம்கா. அவசரத்துக்கு எழுதப் போறப்ப செத்துக் கிடக்கும்."

"எழுதறப்ப உள்ளங்கை பட்டா கிறுக்கல் விழக் கூடாது. அத முதல்ல பாரு."

"படுத்துக்கிட்டே பிடிக்கணும். கனமா இருந்தா மூஞ்சில விழும்."

"கண்ணாடி மாதிரி வழுக்கினா அப்பா கையெழுத்தே மாறிடும்டா. அவர் எழுத்து முத்து முத்தா இருக்கும்."

அப்பா எதில் எழுதுவார், எப்படி எழுதுவார், எழுதினால் எத்தனை நேரம் பேட்டரி நிற்கும், எல்லாம் பேசினார்கள். அதை யார் படிப்பார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்தான் என்ன, வீட்டில் எல்லோரும் படித்தவர்கள் என்று பதில் சொல்லியிருப்பார்கள். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் நாலு பேருமாகப் போன கடை மாடியில் இருந்தது. வரிசையாகக் கண்ணாடி மேசைகள், ஒவ்வொன்றிலும் சங்கிலி போட்டுக் கட்டிய சாமான்கள். கடைப்பெண் நல்ல சுறுசுறுப்பு. மூன்று டேப்லெட்டை எடுத்து முன்னால் வைத்தாள். முதலாவது பளபளவென்று முகம் பார்க்கிற மாதிரி இருந்தது. ஏலக்காரர் எழுதிப் பார்த்துவிட்டு, சோப்பு மேல் எழுதுவது போல் இருக்கிறது என்று கையைக் காட்டி உதறினார். இரண்டாவது சாம்பல் நிறம், வண்ணமே கிடையாது. ஆனால் பேனாவை வைத்தால் காகிதத்தில் உரசுகிற சத்தம் வந்தது. மகளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"இதுல ஒண்ணு காட்டறேன் பாருங்க" என்று கடைப்பெண் மூன்றாவதை எடுத்தாள். 'வணக்கம், நல்லா இருக்கீங்களா' என்று கிறுக்கலாக எழுதி, ஓரத்தில் ஒரு படத்தைத் தொட்டாள். டேப்லெட் வாயைத் திறந்தது.

"வணக்கம். நல்லா இருக்கீங்களா."

ஏலக்காரரின் மனைவிக்கு உடம்பு சிலிர்த்தது. எழுத்து பேசுகிறது! அவர் எழுதினால் போதும், மீதியை அது சொல்லிவிடும். யாரிடமும் எதையும் சொல்லித் தலைகுனிய வேண்டாம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கடைச் சாமானைக் கும்பிடத் தோன்றியது அவளுக்கு.

"இதையே வாங்கிடலாமே" என்றாள். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது.

"ஏம்மா?" என்று மகன் திரும்பினான். "இதுதான் இருக்கறதுலயே கனம். பென்னுக்கும் சார்ஜ் போடணும்."

"அதுக்கில்ல... பேசுதே."

"அப்பா எழுதிப் பார்க்கட்டும்" என்றாள் மகள்.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதான் தாழி உடையும். அவர் எழுதியது வேறு எதுவாகவாவது இருந்திருக்கலாம். தண்ணீர் வேண்டும், தலை வலிக்கிறது, எதையாவது. சந்தைக்காரர் புத்தி எங்கே போகும்? 'ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்' என்று எழுதித் தொட்டார். டேப்லெட்டின் பெண் குரல், ரயில் தாமதமாக வருவதை அறிவிக்கிற மாதிரி, ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் அதைப் படித்து முடித்தது. பக்கத்து மேசையில் நின்ற இரண்டு பையன்கள் களுக்கென்று சிரித்தார்கள். மகனும் சிரித்துவிட்டான். ஏலக்காரர் பேனாவைப் பட்டென்று மேசையில் வைத்தார். காது மடல் சிவந்திருந்தது.

"ஆம்பளைக் குரலும் இருக்கு சார்" என்று கடைப்பெண் அவசரமாகச் சொன்னாள்.

"வேணாம்ங்க" என்றாள் மகள். "எங்க வீட்டுக்கு இது எதுக்கு? என்னை உட்கார வெச்சுப் படிக்க வெச்சதே எங்கம்மாதான். நான் தப்பாப் படிச்சா அடுப்படிலேந்தே கண்டுபிடிச்சுடுவாங்க. அப்படிப்பட்டவங்களுக்கு மெஷின் படிச்சுக் காட்டணுமா?"

"குடுத்து வெச்சவங்க மேடம் நீங்க" என்று கடைப்பெண் அம்மாவைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

எனக்குப் படிக்கத் தெரியாது. மூன்றே வார்த்தைதான். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மகள் அவள் தோளில் கை போட்டுக்கொண்டு, ஊருக்கே அம்மாவைக் காட்டுகிற பெருமையோடு நின்றாள். அந்தக் கையைத் தட்டிவிட்டால்தான் அந்த மூன்று வார்த்தையைச் சொல்ல முடியும். அவளால் முடியவில்லை.

மகனும் மகளும் பேனா முனை தேய்ந்தால் வேறு முனை கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது, அவள் கணவரின் சட்டைக் கையைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஏங்க, அந்தப் பேசறதையே வாங்குங்க."

"அந்தச் செத்த குரல்லயா நான் பேசணும்?" பாதி காற்று, பாதி கரகரப்பு. "ஆம்பளையோ பொம்பளையோ, அது என் குரல் இல்ல. நாலு பேர் சிரிக்கறதுக்கு நான் ஊமையாவே இருந்துட்டுப் போறேன்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. எனக்கு? நீங்க எழுதினா எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கு ஒருத்தருக்குத்தானே என் கதை தெரியும்."

அவர் அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அவளுக்குப் பழக்கம்தான். உண்மையாகவே புரியாமல் பார்த்தார்.

"உங்கிட்ட எழுதிக் காட்ட என்ன இருக்கு? பசிச்சா வயித்தைத் தொட்டுக் காட்டுவேன். மாத்திரை வேணும்னா கை நீட்டுவேன். இத்தனை வருஷமா நம்ம ரெண்டு பேரும் வேற என்ன பேசிட்டோம்?"

சொல்லிவிட்டு உள்ளே போனார். சாம்பல் நிறத்தையே தொட்டுக் காட்டினார். மகள் கைதட்டினாள்.  ஒரு சொல்லால் ஒரு ஆளை இத்தனை சுலபமாக ஒன்றுமில்லாமல் செய்துவிட முடியும் என்று படிக்கட்டில் நின்ற அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. மூக்கில் குழாய், கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை, மடியில் அந்தச் சாம்பல் பலகை. நாலு வார்த்தை எழுதுவதற்குள் ஆஸ்பத்திரியையே கைக்குள் போட்டுக்கொண்டார் மனிதர். டாக்டரைக் கிண்டல் செய்து எழுதுவார், டாக்டர் சிரிப்பார். சந்தைக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்று படித்துப் படித்துக் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். அவள் தலைமாட்டில் நின்று, எல்லோரும் சிரிக்க ஆரம்பித்த பிறகு தானும் சிரிப்பாள். ஆட்கள் போய்விட்டால் அவர் பலகையை ஓரமாக வைத்துவிடுவார். வேண்டியதற்குக் கையைக் காட்டுவார்.

ஒரு மத்தியானம் மகள் கல்லூரிக்குப் போயிருந்தாள். மகன் மருந்து வாங்கக் கீழே இறங்கியிருந்தான். அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் திரும்பியபோது, அவர் விழித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நேரமாகப் பார்க்கிறாரோ. பிறகு பலகையை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

நிறைய எழுதினார். நிறுத்தி யோசித்தார், மறுபடி எழுதினார். கண் ஓரம் ஈரமாகி, மூக்குக் குழாய் ஒட்டியிருந்த பிளாஸ்திரியில் இறங்கியது. அதைத் துடைக்காமல் எழுதினார். எழுதி முடித்துப் பலகையை அவள் பக்கம் நீட்டினார்.

வாங்கிப் பார்த்தாள். வரி வரியாக, முத்து முத்தாக இருந்தது. கையெழுத்துப் போடுவதற்காக மனப்பாடம் செய்த ஒரே ஒரு வார்த்தைதான் அவளுக்கு அடையாளம் தெரியும். அவளுடைய பெயர். அது முதல் வரியில் இருந்தது. நடுவில் ஓரிடத்தில் மறுபடியும் இருந்தது. கல்யாணமான நாளாக "இந்தா", "ஏய்" என்பதைத் தவிர அவர் வாயால் கேட்டறியாத பெயர்.

"என்னங்க? என்ன எழுதியிருக்கீங்க?"

அவர் வாயைத் திறந்தார். மறந்துபோய்த் திறந்துவிட்டார். கழுத்துத் துளையில் காற்றுதான் சீறியது. விரலால் அவளைக் காட்டினார், எழுத்தைக் காட்டினார், தன் மார்பில் கையை வைத்தார். மறுபடி எழுத்தைக் காட்டினார். புரிந்ததாக அவள் தலையை ஆட்டவில்லை.

அப்போது நர்ஸ் உள்ளே வந்தாள். "என்னம்மா, கண்ணாடி கொண்டு வரலயா? குடுங்க, நான் படிக்கறேன்."

வெட்கம், மானம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. "படிம்மா. கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்று பலகையை நீட்டினாள்.

அவர் எட்டிப் பிடுங்கினார். அந்த உடம்பில் அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததோ. நர்ஸ் முகத்தைப் பார்த்தார், மனைவி முகத்தைப் பார்த்தார். பேனாவால் இரண்டு தட்டுத் தட்டினார். எழுத்தெல்லாம் அழிந்து பலகை வெறும் சாம்பல் நிறமாகிவிட்டது. நர்ஸ் குழாயைச் சரிபார்த்துவிட்டுப் போனாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அன்றைக்குக் கடையில் இரண்டு பையன்கள் சிரித்ததற்காக அவளை விட்டுக்கொடுத்தார். இன்றைக்கு ஒரு நர்ஸ் காதில் விழக் கூடாது என்பதற்காக மறுபடியும் விட்டுக்கொடுத்துவிட்டார். ஆயுசுக்கும் சேர்த்து வைத்து ஒரே ஒருமுறை அவளிடம் சொல்ல வந்ததைவிட, இவருக்கு இவர் கௌரவம் பெரிதாகப் போய்விட்டது.

அவர் பலகையை ஓரமாக வைத்தார். பிறகு கழுத்துக்குக் கீழே விரலைக் காட்டி, மேலே தூக்குவது போல் அசைத்தார். தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொல்கிறார். அது அவளுக்குப் பார்த்த உடனேயே புரிந்தது.

அவள் புரியாதவள் போல் நின்றுகொண்டிருந்தாள்.