கோட்டை வாசலில் முதல் பந்தி

மூன்று நாளில் மூன்று கோட்டைகளின் வாசலைப் பார்த்துவிட்டாள் சந்தனச்செல்வி. வாசலை மட்டும்தான். முதல் கோட்டைக்கு இரும்புக் கதவு. இரண்டாவதற்குத் தேக்கு மாதிரி ஒரு மரக்கதவு. மூன்றாவதற்கு ஒரு சங்கிலியும், அதற்குப் பின்னால் நின்று கையை விரிக்கிற ஒரு பெண்ணும். தூத்துக்குடியிலிருந்து பிரான்சு வரைக்கும் பறந்து வந்து பூட்டுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் உலகத்திலேயே இந்த ஆறு பெண்களாகத்தான் இருக்கும்.

மொத்தம் ஆறு வியாபாரிகள், அவர்களுடைய மனைவிமார் ஆறு பேர். கூட்டிவந்தவன் செல்லப்பாண்டி. தூத்துக்குடியில் டிராவல்ஸ் வைத்திருக்கிறான். அவனும் அதற்கு முன்னால் ஒரு தடவைதான் பிரான்சுக்கு வந்திருக்கிறான். பெரிய கம்பெனிகள் டூருக்குச் சமையல்காரரையும் கூட்டிப்போகும். செல்லப்பாண்டி அதை ஒரே வரியில் முடித்துவிட்டான்.

“எதுக்கு அண்ணாச்சி சமையல்காரன்? அக்காமாரு ஆறு பேரு வாராங்கல்லா!”

அண்ணாச்சி என்று அவன் சொன்னது சந்தனச்செல்வியின் கணவர் அருணாசலவடிவை. உடன்குடிக் கருப்பட்டியைத் தூத்துக்குடியில் வைத்து மொத்த வியாபாரம் செய்கிறவர். அவர் தலையாட்டினால் மற்ற ஐந்து வியாபாரிகளும் தலையாட்டுவார்கள். ஆட்டினார்கள்.

அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பயணத்துக்கென்று அவளைக் கடைக்குக் கூட்டிப்போய், கேன்வாஸ் ஷூவின் நுனியைத் தன் பெருவிரலால் அமுக்கிப் பார்த்து, “வெரலு முட்டுதா?” என்று கேட்டு வாங்கித் தந்தவர் அவர்தான். பசி வந்தால் மட்டும் உலகத்தில் வேறு மனிதர்கள் இருப்பது அவருக்கு மறந்துபோகும்.

சந்தனச்செல்வி பிறந்தது ஓட்டப்பிடாரம். ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலிருந்து பாஞ்சாலங்குறிச்சிக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள். புதிதாகக் கட்டியிருந்த நினைவுக்கோட்டையைச் சுற்றிக் காட்டிய பிறகு, வெள்ளைக்காரன் இடித்துத் தரைமட்டமாக்கிய நிஜக் கோட்டையின் அஸ்திவாரத்தையும் டீச்சர் காட்டினார். அவள் முழங்கால் உயரம்கூட இல்லை. “இது எவ்வளவு ஒசரம் இருந்துச்சு டீச்சர்?” என்று கேட்டாள். “யாரு கண்டா?” என்றார் டீச்சர். அன்றைக்குப் பிடித்த ஆசை அது. யாரும் இடிக்காத ஒரு கோட்டையில், உச்சி வரைக்கும் ஏறி நின்று கீழே பார்க்க வேண்டும். செஞ்சிக்குக் கூட்டிப்போகிறேன் என்று கணவர் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடையை யார் பார்ப்பது என்று முப்பது வருஷமும் போய்விட்டது. பிரான்சில் கிராமம் கிராமமாகக் கோட்டைகள் நிற்கின்றன, ஆற்றங்கரை நெடுகப் பார்க்கலாம் என்று செல்லப்பாண்டி படம் காட்டியபோது, அவள் அந்தப் படத்தைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

ஆனால் வந்த இடத்தில் நடந்தது வேறு. ஒரு பழைய கிராமத்தில் கல்வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தான் செல்லப்பாண்டி. சமையலறை இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தானாம். முதல் நாள் விடியற்காலையில் கடுகும் மிளகாய் வற்றலும் தாளித்ததும், கூரையில் இருந்த புகை மணி ஊரையே எழுப்பிவிட்டது. செல்லப்பாண்டி நாற்காலிமேல் ஏறி அதற்கு ஒரு பாலிதீன் பையைக் கட்டிவிட்டான். அன்றிலிருந்து பெண்கள் நாலரை மணிக்கு எழுந்தார்கள். புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்குப் பொரியல் எல்லாம் எவர்சில்வர் சட்டிகளில் அடைத்து வேனில் ஏற்றினார்கள்.

பகலில் இரண்டரை மணிவாக்கில் வேன் ஒரு கோட்டைக்குப் போய்ச் சேரும். பக்கத்துப் புல்தரையில் பாயை விரிப்பார்கள். வாழையிலை அச்சடித்த பேப்பர் தட்டு போடுவார்கள். ஊரில் கல்யாண வீடானாலும் கோயில் கொடை விழாவானாலும் முதல் பந்தி ஆண்களுக்கு. பரிமாறி முடித்துப் பெண்கள் கடைசிப் பந்தி. அந்த வழக்கம் விசா வாங்காமலே இவர்களோடு விமானம் ஏறி வந்துவிட்டது. மார்ச் மாதக் குளிரில் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு ஆறு ஆண்களும் சம்மணம் கூட்டி உட்கார்வார்கள். இரண்டாம் சாதம் கேட்பார்கள், ஊறுகாய் கேட்பார்கள். துறைமுகத்தில் வந்து நிற்கிற கப்பலைப் பற்றியும் ஊரில் யாரோ விற்ற மனையைப் பற்றியும் அரைமணி நேரம் பேசுவார்கள். கை கழுவியதும், “நாங்க முன்ன போறோம், நீங்க சாப்ட்டுட்டு மெள்ள வாங்க” என்று போய்விடுவார்கள்.

பெண்கள் சாப்பிட்டு, சட்டி கழுவி, பாயைச் சுருட்டி, வாசலுக்கு ஓடினால் மணி நாலரை தாண்டியிருக்கும். நாலரைக்கு மேல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள்.

இரண்டாம் நாள் இதைவிடக் கூத்து. வழியில் ஒரு கிராமத்தில், ஓடையோரம் கல் பாவிய தொட்டி ஒன்று கூரைக்குக் கீழே இருந்தது. இத்தனை வசதியாக ஒரு குழாயடியா என்று பெண்கள் உட்கார்ந்து காலைப் பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்கள். தொப்பி போட்ட ஒரு பெரியவர் வந்து, சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். அந்தக் காலத்தில் ஊர்ப் பெண்கள் மண்டியிட்டுத் துணி துவைத்த இடமாம். இப்போது அதைத் தொடக்கூடாத புராதனச் சின்னமாக வைத்திருக்கிறார்களாம். செல்லப்பாண்டி மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்டான். ஆண்கள் இரவு வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பிரான்சு தேசத்து வரலாற்றில் சந்தனச்செல்வி கைபட்டுப் பார்த்தது அந்த ஒரு தொட்டிதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கணவர் போனை நீட்டினார். கோட்டைக்குள் எடுத்த படங்கள். ஒரு படத்தில் ராஜாவின் கட்டிலுக்கு முன்னால் அவருடைய வயிறு. இன்னொன்றில் கோபுரத்தின் பாதியை அவர் பெருவிரல் மறைத்திருந்தது.

“இந்தா பாரு. உள்ள போனாலும் இதத்தான் பாப்ப. பாத்தாச்சுல்லா, அப்புறம் என்ன?”

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். மறுநாளுக்குப் புளி ஊறவைக்க எழுந்துபோனாள்.

நாலாம் நாள் காலையில் வேன் கிளம்பியதும் செல்லப்பாண்டி எழுந்து நின்றான். “இன்னைக்கிப் பாக்கப் போறதுதான் கடைசிக் கோட்டை. ஆத்துக்கு மேல பாறையில நிக்கும். கோபுரம் இருநூத்திப் பத்துப் படி. நாளைக்கிப் பாரிஸ் போறோம், மறுநா ஃப்ளைட்டு.”

சந்தனச்செல்வி முன்னால் குனிந்து கணவரிடம் கேட்டாள். “ஏங்க, இன்னைக்கிக் கோட்டையப் பாத்துட்டுச் சாப்பிடுவமா?”

“வெறும் வயித்தோட இருநூறு படி ஏறச் சொல்லுதியா?”

“அப்பம் எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுருவோம்.”

“பரிமாற யாரு? வெள்ளக்காரனா?”

வேனே சிரித்தது. பெண்களும் சிரித்தார்கள். சந்தனச்செல்வியும் சிரித்துவிட்டாள். முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், வாய் தானாகச் சிரித்துவிட்டது. சிரித்த பிறகுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது. அவர் சொன்னதைக்கூட மன்னித்துவிடலாம், தான் சிரித்ததை மன்னிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு வழியில் வந்த ஊர்களில் சுவரேறிய ரோஜாக்கொடியையும், சாய்ந்து நின்ற மரச்சட்ட வீடுகளையும் எல்லாரும் இறங்கி இறங்கிப் பார்த்தார்கள். அவள் மட்டும் வேனிலேயே இருந்தாள்.

இரண்டரைக்குக் கோட்டை வந்தது. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். பெண்கள் பாயை விரித்தார்கள், சட்டிகளை இறக்கினார்கள். சந்தனச்செல்வி பன்னிரண்டு தட்டுகளையும் வரிசையாகப் போட்டாள். பிறகு முதல் தட்டின் முன்னால் சம்மணம் கூட்டி உட்கார்ந்து, தனக்குத் தானே புளிசாதத்தை அள்ளி வைத்துக்கொண்டாள்.

கை கழுவிவிட்டு வந்த அருணாசலவடிவு நின்றுவிட்டார். “ஏளா, என்ன பண்ணுத?”

“சாப்பிடுதேன்.”

“ஆம்பளையள் இன்னும் உக்காரல.”

“உக்காருங்க. எடம் கெடக்குல்லா.”

“வெளயாடுதியா? எந்திரி!”

“நாலரைக்கு வாசல அடைச்சிருவான். நான் கோட்டையப் பாக்கணும்.” ஒரு வாய் எடுத்து வைத்தாள். “சாதம் இருக்கு, கரண்டி இருக்கு, ஒங்களுக்குக் கையும் இருக்கு. போட்டுச் சாப்பிடுங்க.”

மற்ற ஐந்து ஆண்களும் அருணாசலவடிவின் முகத்தைப் பார்த்தார்கள். பெண்கள் சந்தனச்செல்வியின் தட்டைப் பார்த்தார்கள். ஆழ்வார்தோப்பில் நெல் வியாபாரம் செய்கிறவரின் மனைவி இசக்கிசெல்விதான் முதலில் அசைந்தாள். கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எனக்கும் பசிக்கி மைனி,” என்றாள், ஏதோ திருட்டை ஒப்புக்கொள்கிற மாதிரி.

அடுத்து சுஜிதா உட்கார்ந்தாள். இருக்கிறவர்களில் இளையவள் அவள். அவளைப் பார்த்து, பக்கத்தில் நின்றவளும் உட்கார்ந்தாள். முட்டு வலிக்காரியான மூத்த அம்மாள், “என்னால படி ஏற முடியாது. ஆனா ஒருத்தருக்கும் பரிமாறவும் மாட்டேன்” என்று ஒரு தட்டில் தயிர்சாதத்தைப் போட்டுக்கொண்டு வேனுக்குப் போய்விட்டாள். செல்வராணி மட்டும் கண் கலங்க நின்றாள். அவள் கணவருக்குச் சர்க்கரை வியாதி, நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். அவருக்கு ஒரு தட்டில் போட்டுக் கையில் கொடுத்தாள். சந்தனச்செல்வி அவளை ஒன்றும் சொல்லவில்லை.

ஆண்கள் யாரும் உட்காரவில்லை. பெண்கள் இருக்கிற பந்தியில் எப்படி உட்கார்வது என்பதா, யார் முதலில் கரண்டியைத் தொடுவது என்பதா, அது அவர்களுக்கே வெளிச்சம். அருணாசலவடிவு குல்லாயைக் கழற்றிக் கையில் பிசைந்தார். “ஊருக்குப் போனதும் பேசிக்கிடுதேன்,” என்றார்.

“பேசுவோம்,” என்றாள்.

பத்தே நிமிஷத்தில் சாப்பிட்டு எழுந்து, நேராகச் செல்லப்பாண்டியிடம் போய்க் கையை நீட்டினாள். “டிக்கெட்டத் தா.”

அவன் அவள் தோளுக்கு மேலே எட்டி அருணாசலவடிவைப் பார்த்தான். “அண்ணாச்சி ஒரு வார்த்த சொல்லட்டும்க்கா.”

“மூணு நாளா ஆறு டிக்கெட்டு சும்மா கிழியாமக் கெடக்கு. அதுக்கு அண்ணாச்சி ஏதும் சொன்னாவளா? என்னயப் பாத்துப் பேசு. என் பேருக்கு வாங்குன டிக்கெட்ட என் கையில தா.”

செல்லப்பாண்டி தந்துவிட்டான். ஒன்று கேட்டதற்கு ஆறாகத் தந்தான், பயத்தில். செல்வராணியின் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு எழுந்த மற்றவர்களோடு வாசலுக்கு நடந்தாள்.

வாசலில் டிக்கெட்டைக் கிழித்த பெண் சிரித்து ஏதோ சொன்னாள். மொழி புரியவில்லை, தலையாட்டி வைத்தார்கள். சுழல் படிக்கட்டு. ஒரு கல்லும் அசையவில்லை. ஐம்பது படிக்கு இசக்கிசெல்விக்கு மூச்சு வாங்கியது. நூறாவது படியில் எல்லாரும் உட்கார்ந்து, ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமல் சிரித்தார்கள். கீழேயிருந்து தடதடவென்று ஓசை கேட்டது. செல்வராணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். “அவுக சாப்பிட்டாச்சு. போயிட்டு வான்னுட்டாவ,” என்றாள்.

உச்சியில் காற்று முகத்தில் அறைந்தது. சந்தனச்செல்வி சுவரில் வயிற்றை அழுத்தி எட்டிப் பார்த்தாள். ஆறு கீழே எங்கேயோ கிடந்தது. ஓட்டுக்கூரைகள், உழுத நிலம், சர்ச் கோபுரம் எல்லாமே அவள் காலுக்குக் கீழே. அப்பா, எவ்வளவு உயரம்! அவளுக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. சந்தோஷம் பாதி, ஆத்திரம் பாதி. இத்தனை சுலபமான ஒரு காரியத்துக்கா இத்தனை வருஷம் என்று தன்மேலேயே வந்த ஆத்திரம். இறங்கச் சொல்லி மணி அடிக்கிற வரைக்கும் அவள் அந்தச் சுவரை விட்டு நகரவில்லை.

கீழே வாசலுக்கு வெளியே அருணாசலவடிவு நின்றுகொண்டிருந்தார். யார் எடுத்துப்போடுவது என்ற மானப் பிரச்சினையிலேயே முக்கால் மணி நேரம் போய், பிறகு சாப்பிட்டு, பேசி, வாசலுக்கு வந்தபோது மணி நாலு முப்பத்தைந்து. டிக்கெட்டைக் கிழித்த அதே பெண் கையை விரித்திருக்கிறாள்.

“ஒன்னாலதான்! கடைசிக் கோட்டையப் பாக்க முடியாமப் போச்சு!”

“நீங்க மூணு கோட்ட பாத்திருக்கீய,” என்றாள் சந்தனச்செல்வி. “நான் ஒண்ணு பாத்திருக்கேன்.”

அவர் குல்லாயை மாட்டிக்கொண்டு வேனை நோக்கி நடந்தார். பெண்கள் வேனில் ஏறி உட்கார்ந்தார்கள். டிரைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். புல்தரையில் பாய் அப்படியே கிடந்தது. சட்டிகளும் கரண்டிகளும் சோற்றுப் பருக்கையோடு கிடந்தன.

அருணாசலவடிவு வேன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார். “பாத்திரமெல்லாம் அங்கன கெடக்கு.”

இசக்கிசெல்வி பழக்கத்தில் எழுந்துவிட்டாள். சந்தனச்செல்வி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“உக்காருளா. அவுக கை கழுவுன கொழாதான, எங்கன இருக்குன்னு அவுகளுக்கே தெரியும்.”

அவர் படியிலேயே நின்றார். டிரைவர் மறுபடியும் கடிகாரத்தைத் தட்டினார். ஆண்களில் ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே பாயைச் சுருட்டப் போனார். கடைசியில் அருணாசலவடிவும் இறங்கினார். இரண்டு கையாலும் புளிசாதச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, வேட்டி பழகிய கால் பேண்டில் தடுக்க, குழாயடிக்கு நடந்தார். கண்ணாடி வழியாகச் சந்தனச்செல்வி பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை.