எஞ்சின் ஓடும்போது வந்த அலை

குந்தாரப்பள்ளிக்கு வடக்கே ஒரு மொட்டைப் பாறையின் மேல், 1957 முடிவில், சன்னல் இல்லாத சிறிய கல் கட்டடம் ஒன்று எழும்பியது. உள்ளே நில அதிர்வைப் புகைப்படத் தாளில் ஒளியால் எழுதும் கருவி இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள வந்தவன் ராயப்பன். பக்கத்து எலத்தகிரிக்காரன், சென்னையில் பௌதிகம் படித்து, அங்கேயே ஆராய்ச்சி வேலையில் சேர்ந்தவன்.

அவன் காத்திருந்தது ஒரு பூகம்பத்துக்கு. அந்தமான் கடலுக்குக் கிழக்கே நிலம் அசைந்தால், அலை அந்தக் கடலின் அடித்தரை வழியாக ஓடி, வங்காள விரிகுடாவைக் கடந்து இந்தப் பாறைக்கு வரும். பூமியின் மேலோடு தடித்த இடத்தில் அலை ஒரு வேகத்திலும் மெலிந்த இடத்தில் வேறு வேகத்திலும் போகும். அதைக்கொண்டு, யாரும் தோண்டிப் பார்க்க முடியாத கடலடியின் தடிமனைக் கணக்கிடலாம். விரிகுடாவுக்கான கணக்கு முன்பே கையில் இருந்தது. மிச்சம் அந்தமான் கடல்தான்.

இடைஞ்சல் சென்னம்மாளின் கிணற்றிலிருந்து வந்தது. பாறையை ஒட்டி அவளுக்குக் கொஞ்சம் நிலம். கணவன் போன பிறகு தனியாகவே பயிர் வைத்தவள், அந்தத் தையில் கவலை ஏற்றம் இழுத்த மாடுகளை விற்று ஆயில் எஞ்சின் வாங்கிப் போட்டாள். எஞ்சின் ஓடும்போதெல்லாம் ராயப்பனின் தாளில் கோடு கம்பளிப்பூச்சி போலச் சிலிர்த்தது. அவன் கேட்டுக்கொண்டதற்கு, காலையில் மட்டும் ஓட்டுவதாக அவளும் ஒத்துக்கொண்டாள். ஆனால் பங்குனியில் கிணறு வற்றத் தொடங்கியது. ஊறும்போதெல்லாம் இறைத்தால்தான் நெல் பிழைக்கும் என்றானது.

மேலதிகாரி கோவிந்தன் சென்னையிலிருந்து வந்து தாளைப் பார்த்தார். தாசில்தாரிடம் சொல்லி இரண்டு மாதம் எஞ்சினை நிறுத்திவிடலாம், முதலில் நீ போய்ச் சொல் என்றார். ராயப்பன் வயலுக்குப் போனான். வரப்போரம் மண் வெடித்திருந்தது. சென்னம்மாள் கோபப்படவில்லை.

"நிறுத்தச் சொன்னா நிறுத்திட்றேன் சார். மாட்டையும் வித்துட்டேன். இந்த நெல்லை என்ன பண்றதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

ராயப்பன் திரும்பி நடக்கும்போது யோசித்தான். எஞ்சின் கெடுப்பது படபடவென்ற சிறு அதிர்வுகளை. அவனுக்கு வேண்டிய அலையோ ஒருமுறை ஏறி இறங்கவே இருபது விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். தொலைந்துபோவது முதல் அதிர்வு வந்து சேரும் கணம்தான். பூகம்பம் எங்கே, எப்போது என்பதை மற்ற ஊர் நிலையங்களிடம் கேட்டு வாங்கலாம். எஞ்சின் ஓடட்டும் என்று கோவிந்தனிடம் சொன்னான்.

"பேப்பர் வீணாப்போனா நீதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன் சார்."

சித்திரையில் ஒரு நண்பகலில், எஞ்சின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, அவன் காத்திருந்த பூகம்பம் வந்தது. மறுநாள் தாளைக் கழுவியபோது அதன் தொடக்கம் தெரியவே இல்லை; வெறும் சிலிர்ப்பு. ராயப்பன் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தான். சிலிர்த்த கோடு அப்படியே மெல்ல மேலேறி, மெல்ல இறங்கி, மறுபடி ஏறியது. ஈரத் தாளிலேயே அளவுகோலை வைத்து, ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலான விநாடிகளை எண்ணினான்; இருபதுக்கு மேல் இருந்தது.

மற்ற நிலையங்களின் நேரங்கள் வந்ததும் கணக்கில் உட்கார்ந்தான். ஒரு தடிமனை வைத்துப் பார்ப்பான், அலையின் வேகம் ஒத்துவராது, மாற்றுவான். கோவிந்தன் வந்து சரிபார்த்ததில், கடலின் ஆழத்தைத் தவறாக எடுத்திருந்தது தெரிந்தது. இருவரும் சேர்ந்து திரும்பப் போட்டார்கள். அப்போதும் கடலடி மேலோடு, இந்தப் பாறைக்குக் கீழே இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் வந்தது. ஒரு பூகம்பம் போதாது, இன்னொன்று வேண்டும் என்று சொல்லி, கோவிந்தன் அவனை மேலும் ஓராண்டு அங்கேயே இருக்க வைத்தார்.

அறுவடை சுமாராக வந்தது. களத்தில் நின்ற சென்னம்மாளிடம் ராயப்பன் விஷயத்தைச் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, "இங்க அவ்ளோ தடிப்புன்னா, தண்ணி எங்க சார் இருக்கும்?" என்றாள்.

அதற்கு வேறு கருவி வேண்டும் என்றான். மண்ணில் மின்சாரம் விட்டு நீர் பார்க்கும் நண்பன் ஒருவனை ஆனியில் வரவழைத்தான். அவன் சொன்னபடி கிணற்றின் வடக்குச் சுவரில் பக்கவாட்டில் துளை போட்டார்கள். ஊற்று கொஞ்சம் கூடியது. சென்னம்மாள் எஞ்சினை இன்னும் அதிக நேரம் ஓட்டினாள்.