அஞ்சுவின் பைஸ்டாண்டர்

போன் என் மகள் அஞ்சுவுடையது. அவள் குளித்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். எங்கள் வார்டில் வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர், ஆஷா சேச்சிதான். என் குரலைக் கேட்டதும் அவர் பேச்சு தயங்கியது.

"மிக்கேல் சேட்டனா? அஞ்சு இல்லே?"

"குளிக்கிறா. சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. சர்ச் ஹால்ல வச்சு ஒரு டெஸ்ட் எடுத்தோமில்லே, அது வந்திருக்கு. டாக்டர் இன்னொரு தடவை பாக்கணும்னு சொல்றாங்க. வியாழக்கிழமை தாலூக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க. பயப்படாம வரச் சொல்லுங்க, கேட்டோ."

பயப்படாமல் என்று அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் மனைவி லூர்தம்மாளிடமும் அப்படித்தான் சொன்னார்கள். முதலில் பயப்பட ஒன்றுமில்லை, இன்னொரு தடவை பார்க்கலாம் என்றார்கள். பிறகு கோட்டயத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். கர்ப்பப்பை வாயில் புற்று. போனபோதே பரவியிருந்தது. எல்லாவற்றையும் எடுத்தும், கரண்ட் என்று நாங்கள் சொல்லும் கதிர்வீச்சு வைத்தும் நிற்கவில்லை. ஒன்றரை வருடம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்த பிறகு, நாங்கள் இருக்கும் இதே எஸ்டேட் லயத்து வீட்டில் இறந்துபோனாள்.

அஞ்சு தலையில் துண்டோடு வந்தாள். "யாருப்பா?"

"ஆஷா சேச்சி. நீயே கூப்பிட்டுப் பேசு."

அந்த மாதிரி விஷயங்கள் எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவிலேயே இருந்தவை. நான் வரும்போது பேச்சு நின்றுவிடும், அல்லது குழம்பைப் பற்றிய பேச்சாக மாறிவிடும். லூர்து போன பிறகு அந்தப் பேச்சுக்கு இந்த வீட்டில் ஆளில்லை. அஞ்சுவின் கணவன் பிஜு எர்ணாகுளத்தில் ஹோட்டல் வேலையில் இருந்தான். அங்கே வீடு கிடைக்கும் வரை என்று இவள் என்னோடு இருந்துகொண்டு, எஸ்டேட் ஸ்டோரில் ஏலக்காய் தரம் பிரிக்கப் போய்வந்தாள்.

வாசலில் நின்று பேசிவிட்டு உள்ளே வந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அங்க இருக்க செல்லு கொஞ்சம் மாறியிருக்காம். கேன்சர் இல்லையாம். விட்டா பின்னால ஆனாலும் ஆகுமாம். அதுக்குள்ள அந்த இடத்த மட்டும் சீவி எடுத்துருவாங்களாம். அன்னைக்கே வீட்டுக்கு வந்துரலாமாம்."

"யாரு சொன்னா, மட்டும்னு?"

"சேச்சிதான்."

"அவளுக்கு என்ன தெரியும்? முழுசா எடுத்துரச் சொல்லு. கோட்டயத்துக்கே போயிருவோம்."

அஞ்சு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு இருபத்தெட்டு வயது. போன வருடம் ஒன்று வயிற்றில் தங்காமல் போயிருந்தது. அதை நான் மறந்துவிட்டுப் பேசவில்லை. தெரிந்துதான் சொன்னேன். பேரப்பிள்ளை இல்லாவிட்டால் போகட்டும், இவள் இருந்தால் போதும் என்றுதான் எனக்கு இருந்தது.

நான் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருப்பவன். ஏலத்துக்குக் கட்டே என்று ஒரு நோய் உண்டு. இலையில் வெளிறிய கோடுகள் விழும். பார்க்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். ஆனால் அந்தச் செடியைத் தூரோடு பிடுங்கித் தீ வைக்காவிட்டால் பக்கத்துச் செடியெல்லாம் போய்விடும். பச்சையாகத்தானே இருக்கிறது, ரெண்டு இலையைக் கிள்ளினால் போதாதா என்று புதிய ஆட்கள் கேட்பார்கள். கிள்ளிவிட்டுப் போன இடங்களை நான் பின்னால் பார்த்திருக்கிறேன்.

அதைத்தான் அவளிடமும் சொன்னேன். "கட்டே விழுந்த தூர வச்சுக்கிட்டு எலைய மட்டும் கிள்ளுவாங்களா?"

"நான் ஏலச்செடி இல்லப்பா" என்றாள்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமை வரை எங்களுக்குள் சாப்பாட்டுப் பேச்சுதான்.

பொம்பளைத் துணைக்குப் பக்கத்து வீட்டுப் புஷ்பமேரியைக் கூப்பிட்டாள் அஞ்சு. லூர்துவோடு ஒரே நிரையில் காய் எடுத்தவள். வாய் ஓயாதவள். மழையில் ஜீப்பு ஊர்ந்து போனது. வளைவுக்கு வளைவு மண் சரிந்து கிடந்தது. நான் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

"மிக்கேலண்ணே, என்னா வெள்ளச் சட்டையெல்லாம்? டாக்டரம்மாவப் பொண்ணு பாக்கவா வாரீக?"

டிரைவர் சிரித்தான். அஞ்சுவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரோடு முழுவதும் அடைந்துவிட்டால் இந்த வியாழன் போய்விடுமே, அந்த டாக்டர் மறுபடி அடுத்த வியாழன்தானே வருவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோட்டயம் போகலாம் என்று சொன்னவனும் நான்தான். இருந்தும் அப்படி நினைத்தேன்.

டாக்டர் சின்ன வயது. முதலில் அஞ்சுவை உள்ளே கூட்டிப்போய் ஒரு கருவி வழியாகப் பார்த்தார். பிறகு எங்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, மலையாளமும் தமிழுமாகச் சொன்னார். மரத்துப்போக ஊசி போடுவார்கள். நூல் கனத்தில் ஒரு கம்பி வளையம். அதில் கரண்ட் விட்டு, மாறியிருக்கிற இடத்தை மட்டும் மேலாக்கச் சீவி எடுப்பார்கள். மயக்கம் கிடையாது, வயிற்றைக் கிழிப்பது கிடையாது. கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு நடந்தே போகலாம்.

"டாக்டர், மொத்தமா எடுத்துர முடியாதா?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அஞ்சுவைப் பார்த்தார். "கர்ப்பப்பை அஞ்சுவோடதல்லே? அஞ்சு சொல்லட்டே."

"இவ அம்மா இதுலதான் போனா."

"அஞ்சு சொன்னா. அதுகொண்டுதான் நான் நல்லாப் பாத்தேன். இப்போ முழுசும் எடுக்கேண்ட ஆவசியம் இல்ல."

"பரவியிருந்தா?"

"எடுக்கிற துண்டை லேபுக்கு அனுப்புவோம். துண்டோட ஓரத்துல கெட்ட செல் இல்லாம சுத்தமா இருந்தா, எல்லாம் வெளிய வந்தாச்சுன்னு அர்த்தம். ஓரம் வரைக்கும் இருந்தா மறுபடி பேசலாம்."

"சின்னது போதும் டாக்டர்" என்றாள் அஞ்சு. கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு வருகிறவருக்குப் பைஸ்டாண்டர் என்று பெயர். கோட்டயத்தில் நான் எத்தனையோ ராத்திரி பைஸ்டாண்டராக வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தவன். அங்கே எங்களுக்குள் ஒரு கணக்கு இருந்தது. நர்ஸ் வந்து நோயாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மருந்துக்கோ ஸ்கேனுக்கோ. பைஸ்டாண்டரை மட்டும் கூப்பிட்டால் விஷயம் நல்லதில்லை. நோயாளிக்குச் சொல்லக் கூடாததைச் சொல்லத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். என்னை அப்படி இரண்டு தடவை கூப்பிட்டார்கள். இரண்டாம் தடவை திரும்பி வந்தபோது, "என்ன சொன்னாங்க?" என்று லூர்து கேட்டாள். ரத்தம் கொஞ்சம் ஏத்தணுமாம் என்றேன். அவள் சரி என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

புஷ்பமேரி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. "அஞ்சுவின்றெ பைஸ்டாண்டர் ஆரா?"

நான் எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, உங்களத்தான்."

"நீ போ."

"நான் என்னாத்துக்கு? அப்பன் நீங்கதான?"

"அஞ்சு பைஸ்டாண்டர்!" நர்ஸின் குரல் உயர்ந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். புஷ்பமேரி என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். கதவு வரை எப்படிப் போனேன் என்று தெரியாது.

"அப்பாவாணோ? எத்ர நேரமா விளிக்கிறேன்! இத பிடிக்கு. லேபில கொண்டு கொடுக்கணும். மெடிக்கல் காலேஜுக்குப் போற வண்டி இப்போ போயிரும். வேகம் போங்க. சாய்ச்சுரக் கூடாது."

என் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலை வைத்தார். மேலே ஒட்டிய தாளில் அஞ்சுவின் பெயர்.

"அவ எப்படி இருக்கா?"

"அவ சுகமா இருக்கா. சாயா கேக்குறா. நீங்க ஓடுங்க."

லேப் அடுத்த கட்டடத்தில், சரிவுக்குக் கீழே இருந்தது. மழை நின்றிருந்தாலும் படியெல்லாம் பாசி. இரண்டு கையாலும் பாட்டிலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். வழுக்கி விழுந்தால் நான் எப்படியும் போகட்டும், இது சிந்திவிட்டால் என்ன செய்வது? மறுபடி அவளைப் படுக்கவைத்துச் சீவுவார்களா? சீவ அங்கே இனி என்ன இருக்கும்?

பாதிப் படியில் நின்று பாட்டிலைப் பார்த்தேன். தெளிந்த மருந்துத் தண்ணீருக்கு அடியில் வெளிறிய ஒரு துண்டு கிடந்தது. உரித்துப்போட்ட ஏலக்காய்த் தோலின் பாதி அளவுகூட இல்லை.

இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவை எடுத்தால் போதுமென்றால், லூர்துவிடமிருந்து அவ்வளவையும் ஏன் எடுத்தார்கள்? நேரம் கடந்து போனதால்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் படியில் நின்று யாரிடமோ அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கீழே வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்ட பிறகுதான் கால் நகர்ந்தது.

லேபில் இருந்தவர் பெயரைச் சரிபார்த்து, பாட்டிலை ஐஸ் பெட்டி மாதிரி ஒரு பெட்டிக்குள் மற்ற பாட்டில்களோடு வைத்தார். பெட்டி வண்டியில் ஏறி, வண்டி கேட்டைத் தாண்டும் வரை அங்கேயே நின்றேன்.

மேலே வந்தபோது அஞ்சு பெஞ்சில் உட்கார்ந்து சாயாவில் பன்னை நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். முகம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"புள்ள நடந்து வந்துருச்சு" என்றாள் புஷ்பமேரி. "உங்களப் பாத்தாத்தான் ஸ்ட்ரெச்சர் கேக்கணும் போல இருக்கு."

"வலிச்சுதா?" என்று கேட்டேன். அந்த விஷயத்தில் நான் மகளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"ஊசி போடறப்ப. பெறகு இல்ல."

ரிப்போர்ட் வர மூன்று வாரமாவது ஆகும் என்றார்கள். கனம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் தண்ணீர்க் குடத்தை நானே எடுத்தேன். அவள் எழுந்தால் பார்த்தேன், உட்கார்ந்தால் பார்த்தேன். பாத்ரூமில் கொஞ்சம் நேரமானால் வாசலில் போய் இருமினேன். "ஒண்ணுமில்லப்பா!" என்று உள்ளேயிருந்து எரிச்சலாகக் குரல் வரும். பிஜு இரண்டு நாள் வந்து இருந்துவிட்டுப் போனான். நானும் அவனும் சேர்ந்து கூரையில் ஒழுகுகிற இடத்தை அடைத்தோம்.

தோட்டத்தில் ஒரு தூரில் கட்டே கண்டேன். ஆளை விட்டுப் பிடுங்கச் சொல்லாமல் நானே பிடுங்கினேன். வேர் அறுபடாமல் வர வேண்டும் என்று மண்ணைக் கையால் தோண்டிக்கொண்டிருந்தேன். காய் எடுக்கிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "அண்ணே, விடுங்க, வந்துருச்சு" என்று ஒருத்தி சொன்னாள்.

ரிப்போர்ட் வந்த அன்று நானும் அஞ்சுவும் மட்டும் போனோம். டாக்டர் தாளைப் படித்து முடிக்கும் வரை அவர் புருவத்தையே பார்த்தேன்.

"ஓரம் சுத்தம்" என்றார். "கேன்சர் இல்ல. மாறின இடம் முழுசும் வந்தாச்சு. ஆறு மாசம் கழிச்சு ஒரு டெஸ்ட். பிறகு வருஷா வருஷம். அத மட்டும் விடக் கூடாது."

"குழந்தை?" என்றாள் அஞ்சு.

"ஆகாம இருக்க இதுனால காரணம் இல்ல. கர்ப்பமானா ஆரம்பத்துலயே வந்து என்கிட்ட சொல்லணும், கொஞ்சம் கவனமாப் பாக்கணும். அவ்வளவுதான்."

அஞ்சு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்துவிடலாம் என்று இருந்த நான் எழவில்லை.

"டாக்டர், இவ அம்மாவுக்கும் இப்படி முன்னாடியே ஒரு தடவ பாத்திருந்தா?"

அவர் தாளைக் கீழே வைத்தார். "எத்தன வயசு?"

"நாப்பத்தொம்பது."

"இப்படிப் பாத்து எடுத்தவங்க பலரும் பிழைக்கிறாங்க. அவங்க பிழைச்சிருப்பாங்களான்னு என்னால சொல்லப் பற்றாது, சேட்டா."

பஸ் ஸ்டாப்பில் எங்களைத் தவிர யாருமில்லை. அஞ்சு குடையை மடக்கித் தண்ணீரை உதறினாள்.

"ஏம்ப்பா அதக் கேட்டீங்க?"

"தெரிஞ்சுக்கலாம்னு."

"தெரிஞ்சுதா?"

"இல்ல."

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அம்மாவுக்கு அந்த வருஷம் நடுநடுவுல ரத்தம் போச்சுப்பா. துணி தொவைக்கிறப்ப நான் பாத்தேன். போய்க் காட்டும்மான்னேன். வயசாவுதுல்ல, நிக்கப்போற நேரத்துல அப்படித்தான் இருக்கும், சீசன் முடியட்டும்னாங்க. அப்பாகிட்ட சொல்லாதன்னாங்க."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரோடு தாண்டப் பிடித்தது. அதற்குப் பிறகு பிடித்ததாக நினைவில்லை.

"நீ என்ன செய்வ" என்றேன்.

"சர்ச் ஹால்ல டெஸ்ட்டுன்னு சேச்சி சொன்னதும் மொத ஆளாப் போயி நின்னேன். வேற யாரும் வரல. சேச்சி நாற்காலிய எடுத்துப் போட்டு ரொம்ப நேரம் காத்திருந்தாங்க."

சீசன் முடியட்டும் என்று லூர்து சொன்ன அந்த வருடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழை சரியாகப் பெய்து, காய் கொத்துக் கொத்தாகப் பிடித்திருந்தது. எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. டிசம்பரோடு முடிய வேண்டிய சீசன் பிப்ரவரி கடைசி வரை நீண்டது. ஸ்டோரில் உலர்த்த இடமில்லை. லூர்து எல்லோருக்கும் முன்னால் கூடையோடு நிற்பாள். எங்கள் லயத்தில் எல்லோருமே சந்தோஷமாக இருந்தோம்.

பஸ் வந்தது. அஞ்சு முதலில் ஏறி எனக்கும் சேர்த்து இடம் பிடித்தாள்.