கதவைப் பிடித்தவள்

சபைக் கூடத்தின் கதவில் ஸ்பிரிங் போட்டிருந்தார்கள். கையை எடுத்தால் படீரென்று சாத்திக்கொள்ளும். சாத்திவிட்டால் உள்ளேயிருந்துதான் திறக்க முடியும். விருந்து நாளில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலையை பாஸ்டர் எனக்குக் கொடுத்தார்.

"இது கர்த்தரோட விருந்தும்மா. கூப்பிடுறவர் அவர். நாம கதவைப் பிடிக்கிறவங்க, அவ்வளவுதான். நீ பேசக்கூட வேண்டாம், சிரிச்சாப் போதும்."

எனக்குச் சிரிக்கவும் வராது.

கதவுக்கு மேலே புதுப் பலகை. "எல்லாரும் வாங்க. விருந்து தயார்." பலகை எழுதுவதுதான் அப்பாவின் தொழில். பாஸ்டர் சொன்னதை மஞ்சள் பெயிண்டில் எழுதிக் கொடுத்தார். அந்த எல்லாரிலும் அக்கா உண்டா என்று அப்பாவிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்காமலே அவளுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அக்கா அப்பாவின் பேச்சை மீறி ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டவள். "நான் இருக்கிற இடத்துல அவ காலெடுத்து வைக்கக் கூடாது" என்று அன்றைக்கே அப்பா சொல்லிவிட்டார். இன்று அவர்தான் உள்ளே சூப் ஊற்றுகிறார்.

பாதி நாற்காலி காலியாகக் கிடந்தது. தெருவில் போகிறவர்கள் பலகையைப் படித்தார்கள். என்னைப் பார்த்தார்கள். போய்விட்டார்கள். மூட்டை தூக்கும் ஒருவர் மட்டும் நின்றார்.

"என்ன பாப்பா, யாரை விடலாம், யாரை விரட்டலாம்னு பார்க்கிறியா?"

"இல்லண்ணே... வாங்க."

"மூஞ்சியை இப்படி வெச்சுக்கிட்டு வாங்கன்னா எவன் வருவான்? ஜெயில் வாசல் தேவலை போலிருக்கே!"

சிரித்தபடி உள்ளே போனார். நான் முகத்தைச் சரிசெய்யப் பார்த்தேன். கன்னம்தான் வலித்தது.

அப்போது எதிரே, தையல்கடை நிழலில் அக்கா நின்றிருந்தாள். பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகம் சுண்டிப்போனது. திரும்பி நடக்க ஆரம்பித்தாள்.

அவளைத் தடுக்கத்தான் என்னை நிறுத்தியிருக்கிறார்கள் என்று அவளும் நினைத்துவிட்டாள்! ஓடினேன். பின்னால் கதவு படீரென்று சாத்திக்கொண்டது.

"அக்கா, போகாதே!"

"அது அப்பா எழுத்துதானே?"

"ஆமா."

"எழுதச் சொன்னதை எழுதியிருப்பார். என்னை வரச் சொன்னாரா?"

நான் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். இருவரும் கதவைத் தட்டினோம். உள்ளே தட்டுச் சத்தமும் பேச்சுமாக இருந்தது. யாருக்கும் கேட்கவில்லை.

"உனக்கே திறக்க மாட்டேங்கிறாங்க, எனக்கா திறக்கப்போறாங்க?" என்றாள் அக்கா.

ஓங்கித் தட்டினேன். செருப்புச் சத்தம் வந்தது. யாருடையது என்று இருவருக்குமே தெரியும்.

கதவு திறந்தது.

"கதவைப் பிடிச்சுக்கடின்னா வெளிய போய் நின்னுக்கிட்டு..." அப்பா பாதியில் நிறுத்தினார். ஒரு கையில் கரண்டி சொட்டியது. இன்னொரு கை கதவில் இருந்தது, நகக்கண்ணில் மஞ்சள் பெயிண்ட். நான் அந்தக் கையையே பார்த்தேன். விட்டால் சாத்திக்கொள்ளும்.

கையை எடுத்துவிட்டார்.

கதவு வேகமாக வந்து அவர் முதுகில் முட்டியது. அப்பா வாசல்படியில் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றிருந்தார்.

"சூப் ஆறுது," என்றார், யாரையும் பார்க்காமல்.

அக்கா நகரவில்லை. "அவரும் வந்திருக்கார்ப்பா. தெருமுனையில லாரியிலேயே உக்காந்திருக்கார்."

அப்பா அண்ணாந்து, தான் எழுதிய பலகையைப் பார்த்தார்.

"முனையில நிறுத்தினா வழியை மறிக்கும்," என்றார் கடைசியில். "ஓரமா விட்டுட்டு வரச் சொல்லு."

அக்கா ஓடினாள். ஸ்பிரிங் அப்பாவின் முதுகைத் தள்ளிக்கொண்டே இருந்தது. அவர் நகரவில்லை.